நான்காவதாக இறங்கி நடந்தவர்

நான் அந்த வண்டியில் இல்லை, சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் அம்மா சொன்னது, கொஞ்சம் மாமா சொன்னது, மீதி அந்த வண்டியை ஓட்டியவர் சொன்னது. மூன்று பேர் சொன்னதும் ஒத்துப்போகாத இடம் வந்தால் ஒத்துப்போகவில்லை என்றே சொல்வேன். கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டீர்கள். ஆகிவிட்டது, போன ஆவணியில். இது அதற்கு முன்னால் பார்த்த பெண்ணைப் பற்றியது. ராஜபாளையம் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் முடிந்துவிடும்.

ஊர்ப் பெயர் வேண்டாம். மலைமேல் இருக்கிற ஊர், நீங்களும் போயிருப்பீர்கள், அது போதும். பெண்ணின் பெயரையும் மாற்றி சுகந்தி என்று சொல்கிறேன். அந்த ஊரில் மேல்பேட்டை என்று ஒரு பகுதி உண்டு. வெள்ளைக்காரன் காலத்துத் தெருக்கள், ஒன்றுகூடச் சமமாக இருக்காது. பஸ் ஏறாது. கார் ஏறினால் திருப்ப இடமில்லை. அதனால் ஒரு கம்பெனிக்காரர்கள் பாட்டரி வண்டி விட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் உட்காரலாம், பக்கத்தில் கதவு கிடையாது. மணிக்கூண்டில் ஏற்றிக்கொண்டு, பழைய தபால் ஆபீஸ், குதிரை லாயம், ஜெயில் என்று காட்டியபடியே போய், உச்சியில் பீரங்கி மேட்டில் இருபது நிமிடம் நிறுத்துவார்கள். பிறகு வேறு வழியாக இறக்கிக்கொண்டு வந்து விடுவார்கள். மைக்கைப் பிடித்துக் கதை சொல்லி வருகிறவள்தான் சுகந்தி. எம்.ஏ. வரலாறு. அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி, எங்கள் வீட்டில் நான். தாசில்தார் கொடுத்த சான்றிதழ் இரண்டு பேரிடமும் இருக்கும். அந்த ஒற்றுமை எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்தில் முறையாகப் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் தெரியாமல் ஒரு தடவை போய்ப் பார்ப்பது வழக்கம். கோவிலில் நின்று பார்ப்பார்கள், ஜவுளிக்கடையில் வேலை செய்கிற பெண் என்றால் சேலை எடுக்கிற மாதிரி போய்ப் பார்ப்பார்கள். பெண்ணுக்குத் தெரியக் கூடாது. இந்தப் பெண்ணையோ டிக்கெட் எடுத்து உட்கார்ந்தே இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்றதும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். காலையில் வண்டி, சாயங்காலம் பெண் வீட்டுக்கு முறையாக. பையன் போகக் கூடாது. எனக்கு லீவும் கிடைக்கவில்லை.

அம்மா இருப்பதிலேயே பழைய சேலையைக் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு போனாள். நல்ல சேலை கட்டிப் போனால் எவளும்தான் மரியாதை கொடுப்பாள், இப்படிப் போனால்தான் பெண்ணின் குணம் தெரியும் என்பது அவள் எண்ணம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. இரண்டு பேரும் தனித்தனியாக ஏறி, ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி தனித்தனியாக உட்கார்ந்தார்கள்.

ஆனால் தரகர் குருசாமி இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுக்கப் பார்க்கிற ஆள். பெண்ணின் அப்பாவிடம் முந்தின நாளே சொல்லிவிட்டிருந்தார். பத்து மணி வண்டியில் பையனின் அம்மாவும் தாய்மாமனும் வருவார்கள், நல்ல வசதியான இடம், பெண்ணைப் பார்த்து நடந்துகொள்ளச் சொல்லுங்கள் என்று. எங்களுக்கு வசதி கிடையாது, சார். அப்பா போன பிறகு அம்மா தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கித்தான் என்னைப் படிக்க வைத்தாள். தரகர் இப்படிச் சொல்லித் திரிகிறார் என்பது எனக்குத் தெரியும். நானாகச் சொன்னதில்லை. அவர் சொன்னதை மறுக்கவும் இல்லை.

இனிமேல் வருவது ஓட்டுநர் இருதயராஜ் சொன்னது. ஐம்பது வயதிருக்கும். நாலு வருஷமாக அவரும் சுகந்தியும் ஒரே வண்டி.

அன்று காலை அவள் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து இருக்கைகளை எல்லாம் துடைத்தாளாம். அது அவள் வேலை இல்லை. என்ன விசேஷம் என்று இவர் கேட்டிருக்கிறார். இன்றைக்கு நம் வண்டியில் எனக்குப் பரீட்சை என்றிருக்கிறாள். பாஸாகிவிட்டால் நாளையிலிருந்து மைக்கை நான் பிடிக்கணுமா, என் குரலைக் கேட்டால் இருக்கிற டூரிஸ்டும் இறங்கி ஓடிவிடுவானே என்று இவர் கேலி செய்திருக்கிறார். அவள் சிரித்தாளே தவிர, துடைத்த இருக்கையையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தாள் என்றார். இருபத்தொன்பது வயது. ஏற்கெனவே நாலு இடம் வந்து பார்த்துவிட்டுப் போய், பதில் சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு ஆட்கள் ஏறினார்கள். முன் வரிசையில் பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாவும் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மனிதரும். வேட்டிக்காரர் கையில் கல் வைத்த மோதிரம். வசதியான இடம், ஒரு அம்மா, ஒரு ஆம்பளை. சுகந்தி முடிவு பண்ணிவிட்டாள். அவர்கள் கும்பகோணம் பக்கத்து ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸும் அவர் கணவரும் என்பது கடைசியில்தான் தெரிந்தது. சுகந்தி அந்த அம்மாவுக்கு முழங்காலில் போர்த்திக்கொள்ளத் தன் சால்வையை எடுத்துக் கொடுத்தாள். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். மழை வந்தால் நனையக் கூடாது என்று அவர்கள் பக்கத்து ரெக்ஸின் திரையை முன்னாலேயே இறக்கிக் கட்டினாள்.

பின் வரிசையில் என் அம்மா. ஓரத்தில் உட்காரப் பயமாக இருக்கிறது என்றாளாம், சுகந்தி நடுவில் மாற்றி உட்கார வைத்தாள். நடுவில் ஒன்றும் தெரியவில்லை என்றாளாம், திரும்ப ஓரத்துக்கு மாற்றினாள். வண்டி கவிழ்ந்துவிடாதே என்று மூன்று தடவை கேட்டாளாம். மூன்று தடவையும் சுகந்தி பதில் சொல்லியிருக்கிறாள். இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. மாமாதான் சொன்னார், அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை என்று. அம்மா சொன்னது வேறு. ஆம்பளைகள் பேச்சுக்குப் பல் தெரிய ஏழு தடவை சிரித்தாள், நான் எண்ணினேன் என்றாள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

அன்றைக்கு மாதிரி அவள் பேசிக் கேட்டதில்லை என்றார் இருதயராஜ். தபால் ஆபீஸைக் காட்டி, சீமையிலிருந்து கடிதம் வர மூன்று மாதம் ஆகும், அதற்குள் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி சமாதானமாகிவிடுவார்கள், இப்போதுதான் உடனுக்குடன் பதில் போட்டுக் கெடுத்துக்கொள்கிறோம் என்றாளாம். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி இருந்தது, அவர்களைப் பார்த்து. வண்டியே சிரித்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கைதட்டினார். சுகந்தி திரும்பி ஓட்டுநரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அப்புறம் ஜெயில் ஏற்றம் வந்தது. அந்த ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு பாட்டரி இழுக்காது, சார். நாலு பேர் இறங்கி மேலே வரைக்கும் நடக்க வேண்டும். யார் இறங்குவது என்று கைடுதான் சொல்ல வேண்டும், கைடும் அவர்களோடு நடந்து வர வேண்டும். தினமும் நடப்பதுதான். இட்லி நாலுக்கு மேல் சாப்பிட்டவர்கள் மரியாதையாக இறங்கிவிடுங்கள் என்பாளாம், சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவார்களாம். அன்று இரண்டு காலேஜ் பையன்கள் இறங்கினார்கள். புது மாப்பிள்ளை இறங்கினார். நாலாவது ஆள் வேண்டும். நியாயமாகப் பார்த்தால் வேட்டிக்காரரைத்தான் கேட்டிருக்க வேண்டும், திடமான ஆள். ஆனால் அவர் தனக்குப் பார்த்த பையனின் தாய்மாமன் என்று நினைத்துக்கொண்டிருப்பவள் எப்படிக் கேட்பாள்? என் மாமாவைக் கேட்டாள். மாமா முழங்காலைத் தொட்டுக் காட்டி முகத்தைச் சுளித்தார். அவருக்கு முழங்காலில் ஒன்றும் கிடையாது. மீதியிருந்தவர்கள் புதுப்பெண்ணும், கைக்குழந்தைக்காரி ஒருத்தியும், அவளோடு வந்த பெரியவர்களும். எனவே அம்மாவிடம் வந்து, நீங்கள் கொஞ்சம் நடக்க முடியுமா, நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன், அவசரமே இல்லை என்றாள்.

அம்மா இறங்கினாள். பழைய சேலை என்றால் இறங்கி நட, பட்டுச்சேலை என்றால் உட்கார் என்று ஆகிவிட்டது பார் என்று அந்த இடத்திலேயே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டதாகச் சொன்னாள். அம்மா பக்கமும் யோசித்துப் பாருங்கள். ஆயுசு முழுக்க எல்லாரும் அவளை இறங்கச் சொல்லித்தான் பழக்கம்.

பையன்களும் புது மாப்பிள்ளையும் முன்னால் போய்விட்டார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் பின்னால். அம்மாதான் பேச்சுக் கொடுத்தாள். ஏம்மா, இன்றைக்கு ஒரே சந்தோஷமாக இருக்கிறாயே என்று. யாரோ ஒரு கிராமத்து அம்மா, இன்னும் ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறிப் போய்விடுவார், திரும்பப் பார்க்கப் போவதில்லை. அப்படி நினைத்துத்தானே எல்லாரும் மனசைத் திறக்கிறோம்? சுகந்தி சொல்லிவிட்டாள். முன் சீட்டில் இருக்கிறார்களே, அவர்கள் என்னைப் பெண் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று.

இதற்குப் பிறகுதான் கதை இரண்டாகப் பிரிகிறது. அம்மா சொன்னது: பேச்சுவாக்கில் வாய்தவறி உடம்பில் ஒரு குறை இருப்பதாகச் சொன்னாள், என்ன குறை என்று நான் நைசாகக் கேட்டேன், காட்டிவிட்டாள். சுகந்தி பிறகு இருதயராஜிடம் அழுதுகொண்டே சொன்னது: நானாகத்தான் காட்டினேன் அண்ணே, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இடது கை ஸ்வெட்டரை முழங்கை வரைக்கும் ஏற்றிக் காட்டியிருக்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

"முன்னால வந்த நாலு பேரும் வீட்டுக்கு வந்து இதைப் பார்த்துட்டுத்தாம்மா எந்திரிச்சுப் போனாங்க. இந்தத் தடவை முன்னாடியே எழுதி அனுப்பிட்டேன். தெரிஞ்சும் வந்திருக்காங்க பாருங்க."

இப்படிச் சொன்னதாக அவள் சொன்னாள். எழுதின விஷயத்தை அவள் ஏற்றத்தில் சொல்லவே இல்லை என்கிறாள் அம்மா. நான் இரண்டையும் அப்படியே வைக்கிறேன். அம்மா அந்தத் திட்டைத் தடவிப் பார்த்தாள் என்பதில் மட்டும் இரண்டும் ஒன்றுதான். தடவிப் பார்த்து, வலிக்குமா தாயி என்று கேட்டாளாம். வலிக்காதும்மா என்றாளாம். மீதி தூரமும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

மேலே பீரங்கி மேட்டில் எல்லாரும் இறங்கி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகந்தி பீரங்கியின் கதையை ஆரம்பித்தாள். அம்மா மாமாவைப் பார்த்து, போதும்டா தம்பி, பார்த்தாச்சு என்றாள். சத்தமாக. சுகந்தி அப்படியே நின்றுவிட்டாள். தம்பி என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது என்றார் இருதயராஜ்.

அம்மா ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனாள். இந்தப் பெண் உங்களுக்கு எதற்கு வெந்நீர் கொடுத்தாள் தெரியுமா, உங்களை மாமியார் என்று நினைத்துக்கொண்டாள், மாமியார் நான்தான், என்னை நடக்க விட்டாள் என்றாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். சுகந்தியும் சிரிக்கப் பார்த்தாளாம். மன்னிச்சிருங்கம்மா, தெரியாமல் செய்துவிட்டேன் என்று குனிந்து அம்மா காலைத் தொட வந்தாள். அம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

"நடக்க விட்டது பெருசில்ல. வெண்குஷ்டத்தை மறைச்சு என் மகன் தலையில கட்டப் பார்த்தியே, அதுதான் பெருசு."

"மறைக்கலம்மா. என் கையால எழுதிக் குடுத்திருக்கேன்."

"எங்க வீட்டுக்கு வர்ற எழுத்துல ஒண்ணுகூட என் மகன் கண்ணுக்குத் தப்பாது. அவன் படிச்சவன். இருந்தா என்கிட்ட சொல்லியிருப்பான்."

அவள் மறுபடியும், எழுதியிருக்கேம்மா என்றாள். அம்மா, அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா, கையைக் காட்டு, இத்தனை பேர் பார்க்கட்டும் என்றாள். வேண்டாம் என்று இருதயராஜ் முன்னால் வந்திருக்கிறார். நீ யார் கேட்பதற்கு, அவளுக்கு நீ என்ன வேண்டும் என்று மாமா கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு அப்புறம் ஓர் ஆம்பளை அங்கே என்ன பேச முடியும்? அவர் நின்றுவிட்டார். சுகந்தி தானாகவே ஸ்வெட்டர் கையை ஏற்றிக் காட்டினாள். அம்மா பொய் சொல்லவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

இதோடு முடியவில்லை, சார். மேட்டிலிருந்து கீழே வர வேறு வண்டி கிடையாது. எல்லாரும் அதே வண்டியில்தான் இறங்க வேண்டும், அம்மாவும் மாமாவும்கூட. இறங்குகிற வழியில் இன்னும் ஆறு இடம் இருக்கிறது. டிக்கெட்டில் அச்சடித்திருக்கிறது, ஒன்றை விட்டாலும் கம்பெனியில் புகார் போகும். சுகந்தி மைக்கை எடுத்தாள். இடது பக்கம் பாருங்கள், கல்லறைத் தோட்டம் என்றாள். யாரும் இடது பக்கம் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சால்வையை மடித்து, இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். படித்த அம்மா. காலையில் இவள் கைபிடித்து ஏறின புதுப்பெண், கைக்குட்டையில் தண்ணீர் ஊற்றிக் கையைத் துடைத்துக்கொண்டாள். வெந்நீர் குடித்த டம்ளரை வேட்டிக்காரர் ரெக்ஸின் திரையை விலக்கி வெளியே போட்டார். அது பள்ளத்தில் உருண்டு போகிற சத்தம் வெகுநேரம் கேட்டதாம்.

பள்ளிவாசலைத் தாண்டி ஓர் ஓட்டுக் கட்டடம் வந்தது. அது என்னம்மா கட்டடம் என்று என் அம்மா கேட்டாள். வேண்டுமென்று கேட்டாளோ, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாளோ, எனக்குத் தெரியாது. காசு கொடுத்து ஏறியிருக்கிறோம், கேட்டால் என்ன என்றாள் என்னிடம். சுகந்தி மைக்கில் பதில் சொன்னாள். இங்கே வெள்ளைக்காரர்களின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அம்மா, அப்புறம் நம் பிள்ளைகளும் படித்தார்கள், நானும் இங்கேதான் படித்தேன் என்று. குரல் பிசிறவே இல்லை என்றார் இருதயராஜ். மணிக்கூண்டு வந்ததும் வழக்கம்போல, எங்களுடன் பயணம் செய்ததற்கு நன்றி, மீண்டும் வாருங்கள் என்றாள். எல்லாரும் இறங்கிப் போன பிறகு பின் இருக்கையில் போய் உட்கார்ந்தவள் அடுத்த டிரிப்புக்கு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு மைக்கை இருதயராஜ்தான் பிடித்தார்.

சாயங்காலம் பெண் வீட்டுக்கு இவர்கள் போகவில்லை. அங்கே கேசரி கிண்டி வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். ஊர் திரும்புகிற வழியில் அம்மா தரகரிடம் சொன்னாள், தரகர் நாலு இடத்தில் சொன்னார். எங்கள் சாதியில் அந்த மலையைச் சுற்றி மொத்தமே முந்நூறு வீடுதான். இனி அவளுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை அமையாது. இதை நான் நியாயம் என்று சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

அம்மா ஊருக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எழுதியிருக்கேன் எழுதியிருக்கேன் என்று எப்படிக் கூசாமல் சொன்னாள் தெரியுமா, நான் என் மகனைப் பற்றிச் சொன்னதும் வாயடைத்துப் போனாள் என்றாள். என் தலையைத் தடவிக் கொடுத்தாள். சரியாகத் தெரியாத ஒன்றைப் பற்றி நான் பேசுவதில்லை.

ஒன்பதாவது நாள் லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். சுகந்திக்கு வார விடுமுறை எது என்று விசாரித்து, அந்த நாளாகப் பார்த்துத்தான் போனேன். அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது இல்லையா? இருதயராஜிடம் அவளோடு காலேஜில் படித்தவன் என்று சொன்னேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பையன் படித்தவனாம், பார்த்தால் கேட்க வேண்டும் தம்பி என்றார். என்ன கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மலையிறங்குகிற பஸ்ஸில் சரிபார்த்தேன். சரிபார்த்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன், கேட்கவில்லை. என் மனைவிக்கும் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு எங்களில் யாரையும் தெரியாது.

தரகர் குருசாமியிடமிருந்து ஜனவரி பதினெட்டாம் தேதி காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு என் போனுக்கு மூன்று படங்கள் வந்திருக்கின்றன. முதலாவது அவளுடைய போட்டோ. இரண்டாவது ஜாதகம், அதை அன்றைக்கே அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். மூன்றாவது படம் மங்கலாக, நடுவில் அம்புக்குறியோடு, இன்னும் இறங்காமலே இருந்தது. தொட்டால்தான் இறங்கும். தொட்டேன். ரூல் போட்ட தாள், நீல மை, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஐந்து வரி. எந்தக் கை, எவ்வளவு பெரிது, எத்தனை வருஷமாக என்று முதல் நாலு வரியில் இருந்தது. ஐந்தாவது வரி: "இதைப் படித்த பிறகும் வர விருப்பமிருந்தால் மட்டும் வாருங்கள்."